முதல் குரல் கொடுத்தவர்

அனுப்புநர் என்று எழுதி, கீழே பெயரும் முகவரியும் எழுதி, பெறுநர் என்று எழுதி, கல்லூரி முதல்வர் அவர்கள் என்று எழுதி, ஐயா என்று போட்டு ஒரு காற்புள்ளியும் வைத்தாகிவிட்டது. அதற்குமேல் சிகாமணியின் பேனா நகரவில்லை. முதல்வர் அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் மட்டமாக வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளையும் பக்கத்தில் கல்லூரி கொடுத்த மாதிரித்தாளையும் விரித்திருந்தார். பார்த்து எழுதினால் போதும், மூன்றே வாக்கியம், பெற்றோர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும், அதன்கீழ் மாணவன் கையெழுத்திட வேண்டும், மதிய உணவு மணி அடிப்பதற்குள் தாள் உள்ளே வர வேண்டும், இல்லையென்றால் மூன்று மணிக்கு ஆட்சிக்குழு கூடி டி.சி. கிழித்துவிடும். ராஜபாளையத்திலிருந்து காலையில் பஸ் ஏறியவருக்கு இதுவரை ஒரு டீகூட உள்ளே போகவில்லை. மேலே காற்றாடி சுற்றும்போதெல்லாம் தாளின் நுனி எழுந்து எழுந்து படுத்தது. மனு எழுதுவது அவருக்குப் புதிதா என்ன, பட்டாவுக்கு எழுதியிருக்கிறார், விதவைப் பென்ஷனுக்கு எழுதியிருக்கிறார், பஞ்சாலையில் விரல் போனவனுக்கு இழப்பீடு கேட்டு எழுதியிருக்கிறார், அவர் எழுதிய மனுவைப் படித்துவிட்டு ஒரு தாசில்தார் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றான், சங்கத்தில் இன்னமும் அதைச் சொல்வார்கள். காலேஜ் படிப்பு பாதியில் போனாலென்ன, இயக்கத்தின் பழைய இரண்டணா வெளியீடுகளைப் படித்தே வளர்ந்த தமிழ் அது. அந்தத் தமிழ் இப்போது காற்புள்ளிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. மாதிரித்தாளின் இரண்டாவது வாக்கியம்தான் தொண்டையில் நின்றது. 'இனி எவ்விதப் போராட்டம், வேலைநிறுத்தம், ஊர்வலம், கோஷம் ஆகியவற்றிலும் என் மகன் ஈடுபட மாட்டான் என உறுதி கூறுகிறேன்.' நாற்பது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு கல்லூரியில், இதே வாக்கியத்தைத்தான் அவர்முன் நீட்டினார்கள். அன்றைக்கு மகன் என்ற சொல் மட்டும் இல்லை.

நேற்று சாயங்காலம் செங்கதிர் போன் செய்து, "சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கப்பா, கிளாஸ்ல கோஷம் போட்டோம்னு" என்றான். என்ன கோஷம் என்று அவர் கேட்கவில்லை. இப்போது நினைக்கையில் அதுதான் உறுத்தியது, வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பான், பால் ஊற்றுகிறவன்கூட என்னடா கத்தினே என்று கேட்டிருப்பான். அவருக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. கோஷம் என்றதும் உடம்பில் எங்கேயோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது, பத்தொன்பது வருஷமாக இவன் வாயிலிருந்து வராதா என்று காத்திருந்த சொல், கைபேசியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிற பிள்ளை கடைசியில் நம்ம பிள்ளையாகிவிட்டான் என்று. மனைவி பொன்னுத்தாய் அடுப்படியிலிருந்து, "என்னவாம், எதுக்குக் கத்துனானாம்" என்று கேட்டாள். அங்கன்வாடியில் முப்பது பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது. "உரிமைக்குத்தான் கத்துவான், வேற எதுக்கு" என்றார். "கேட்டீங்களா" என்றாள். அவர் பேனாவை எடுத்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு பக்கத் துண்டறிக்கை. வாய்ப்பூட்டுப் போடாதே என்று தலைப்பு. மாணவர் குரலை நெரிக்கும் நிர்வாகமே, பேசத் துடிக்கும் நாவைக் கட்டாதே, பழிவாங்கலைக் கைவிடு. காலையில் பஸ் நிலையத்துக் கடையில் இருநூறு நகல் எடுத்தார். கல்லூரி வாசலில் இறங்கியதும் முதல் வேலையாக நாற்பது ஐம்பது பிள்ளைகள் கையில் திணித்தார். வாங்கிப் படித்த இரண்டு பையன்கள் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துச் சிரித்தார்கள். விவரம் புரியாத பிள்ளைகள், போகப்போகப் புரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார், அட மடையா, அவன்களுக்கா புரியவில்லை.

முதல்வர் கெட்டவர் இல்லை. சற்றுமுன் உள்ளே போனபோது நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எதிரி நாற்காலி போடுகிறான் என்றாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று பழகியவர் சிகாமணி, தண்ணீரைத் தொடாமல், "என் மகனோட கருத்துரிமையை" என்று ஆரம்பித்தார். முதல்வர் கையைத் தூக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஐயா, என்ன நடந்துச்சுன்னு தம்பி சொன்னானா" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எல்லாம் சிகாமணி ஒரு கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். புள்ளியியலுக்கு அடைக்கலராஜ் என்று ஒரு கௌரவ விரிவுரையாளர், சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது. நல்ல ஞானம், ஆனால் திக்குவாய். மற்ற நேரம் அவ்வளவு தெரியாது, வகுப்பில் நின்றால் சில எழுத்துகளில் மாட்டிக்கொள்வார், முக்கியமாகச் ச. புள்ளியியல் வாத்தியார் சராசரி என்று சொல்லாமல் எப்படிப் பாடம் நடத்துவார். ஒருநாள் அவர் ச, ச என்று நின்றபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், வேண்டும் வேண்டும் என்றது, அறுபது பேரும் சேர்ந்து, சராசரி வேண்டும் என்றார்கள். மறுநாளும். அதற்கு மறுநாள் அவர் அந்தச் சொல்லைச் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிக் காட்டினார், அப்போது கடைசி பெஞ்ச், கொடுத்துவிடு கொடுத்துவிடு என்றது, அறுபது பேர், சராசரியைக் கொடுத்துவிடு. அவர் சாக்பீசை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர்தான், ஆறு நாளாக ஆள் வரவில்லை. "எங்க பசங்களுக்குக் கத்தத் தெரியும்யா, ஆனா இப்படி ஒழுங்காக் கத்த மாட்டாங்க. ஒருத்தன் எடுத்துக் கொடுக்கிறான், மத்தவங்க வாங்கிச் சொல்றாங்க. நடுவுல சரியா ஒரு மூச்சு இடைவெளி. யாரோ பழக்கிவிட்ட மாதிரி இருந்துச்சுன்னு பக்கத்து கிளாஸ் மேடம் சொன்னாங்க." முதல்வர் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

யாரோ பழக்கிவிட்ட மாதிரி. இரண்டரை வயதில் செங்கதிரைத் தோளில் உட்காரவைத்து மே தின ஊர்வலத்துக்குத் தூக்கிப் போனார். காதுக்குப் பின்னால் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவது தெரியும். தொண்டையிலிருந்து கத்தாதே, அடிவயிற்றிலிருந்து எடு, கடைசி எழுத்தை இழுக்காதே, முதல் குரல் கொடுக்கிறவன் கூட்டத்துக்கு மூச்சு வாங்க இடம் விட வேண்டும், அந்த இடத்தில்தான் ஆயிரம் பேர் ஒரே ஆளாகிறார்கள். ஊரிலேயே அவர்தான் முதல் குரல். ஆலை வாசலில் அவர் எடுத்துக் கொடுத்தால் உள்ளே தறி நிற்பதற்கு முன்னால் மேனேஜர் பேச்சு நிற்கும். பேச முடியாதவனுக்கு வாய் கொடுக்கத்தான் அந்தக் கலை என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பார். கௌரவ விரிவுரையாளர்களுக்காகக்கூட எழுதியிருக்கிறார், போன வருஷமா, அதற்கு முந்தின வருஷமா, கௌரவம் என்பது பெயரில் மட்டுமா என்று தலைப்புப் போட்டு, பதினோரு மாசச் சம்பளத்துக்குப் படித்தவனைப் பிழிகிறார்கள் என்று. அதை இந்த அடைக்கலராஜ் படித்திருப்பாரோ. படித்திருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பாரோ. வைத்துக்கொண்டுதான் அந்த வகுப்புக்குள் போனாரோ. சேச்சே, எவன் வைக்கிறான். "அங்கிள்." ஒரு பெண் எதிரே நின்றாள், கையில் அவருடைய துண்டறிக்கை. "இது உங்களோடதா அங்கிள்? கேட்ல கொடுத்தீங்களே." ஆமாம் என்றார். "இன்னும் நாலஞ்சு இருந்தா தர்றீங்களா? பின்னாடி வெள்ளையா இருக்கு, கணக்குப் போட்டுப் பார்க்க வசதியா இருக்கு." கேலி இல்லை, முகத்தில் அசல் தேவைதான் இருந்தது. மடியில் இருந்த பையைத் திறந்து கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார். "இவ்வளவு வேணாம் அங்கிள்." "வச்சுக்க தாயி, வேலைக்காவும்." அவள் போகும்போது எண்ணிக்கொண்டே போனாள். நாற்பது வருஷத்தில் அவர் எழுதியதைக் கேட்டு வாங்கிப்போன ஆள் இவள் ஒருத்திதான் என்று தோன்றியது, அதில் சிரிப்பு வந்தது, சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

எழுது, மூன்று வாக்கியம்தானே. எண்பத்து மூன்றில் ஐந்து பேர் முன்னால் இந்தத் தாளை நீட்டினார்கள், நான்கு பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவன் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் ரிட்டயர் ஆனான், ஒருவன் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருக்கிறான், மற்ற இருவரும் கல்யாண வீட்டில் பார்த்தால் பந்தியில் இடம் மாறி உட்காருகிறார்கள். எழுதாதவன் ஒருவன். அந்த ஒருவன்தான் இவர் முதுகெலும்பு, வேறு சொத்து ஏது, மேடையேறும்போதெல்லாம் அந்த வெள்ளைத்தாளைத்தான் விரிப்பார், தோழர்களே, ஒரு கையெழுத்துக் கேட்டார்கள், என் கை வளையவில்லை. பதினோரு நாள் விடுதிச் சாப்பாட்டுப் போராட்டம், சாம்பாரில் புழு, புழுத்த அரிசி கொடுத்த காண்ட்ராக்டரை விரட்டினோம். விரட்டினோமா. காண்ட்ராக்டர் அந்தப் பக்கமே வந்ததில்லை, அவன் மதுரையில் காரில் சுற்றிக்கொண்டிருந்தான். கையில் கிடைத்தவன் சமையல்காரன். ஒல்லி ஆள், இடது கண்ணில் பூ விழுந்திருக்கும், ராத்திரி பசிக்கிறது என்று போனால் அடிச்சோற்றில் மோர் ஊற்றிக் கொடுப்பான். அவன் கழுத்தில் கரண்டியைக் கயிற்றில் கட்டி மாட்டி விடுதியைச் சுற்றி நடத்தினார்கள். முதல் குரல் யார் கொடுத்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. புழு வேண்டாம், சோறு வேண்டும். அவன் நடந்துகொண்டே என்னவோ சொன்னான், கூட்டத்தின் சத்தத்தில் கேட்கவில்லை, அரிசி நான் வாங்கறதில்ல தம்பி என்றிருக்கலாம், வேறென்ன சொல்லியிருப்பான். போராட்டம் வென்றது, அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் பெயர் என்ன. நாற்பது வருஷக் கதையில் அவன் பெயர் வருகிற இடமே இல்லை என்பதால் பெயர் தேய்ந்துவிட்டது. கருப்பையா. இல்லை, கருப்பையா விடுதித் தோட்டக்காரன். சின்னக்காளை, இல்லை. பெயரில் ஒரு 'ண' உண்டு, நுனிநாக்கில் நிற்கிறது, ஐந்து பேர் பெயரும் ஊரும் சொல்லத் தெரிகிறது, அன்றைய முதல்வருடைய கார் எண்கூட ஞாபகம் இருக்கிறது.

செங்கதிர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான். நூலகத்தில் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள் போல. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம், அதில் ஒரு மாதிரித் தெளிவு. "எழுதலல்ல?" என்றான் எட்டிப் பார்த்துவிட்டு. கேள்வியில் பயம் இல்லை, ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் குரல் இருந்தது. "எதுக்குடா செஞ்ச" என்றார். "சும்மாதான்பா. ஃபன்னுக்கு. அவர் நின்னுட்டே இருப்பாரு, எல்லாரும் உக்காந்துட்டே இருப்போம், ஒரு மாதிரி இருக்கும். நான் ஒண்ணும் அசிங்கமாப் பேசலயே. எடுத்துக் கொடுத்தேன், அவன்களாச் சேர்ந்துக்கிட்டான்க." நிறுத்தி, "செமயா சேர்ந்துச்சுப்பா. ஒரே வாய் மாதிரி. நீங்க சொல்வீங்கல்ல" என்றான். அவர் அவனைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பழைய முதல்வர்கள் படவரிசையைப் பார்த்தார். "மத்தவன்கல்லாம் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து எழுதிக் கொடுத்துட்டான்க. ஒருத்தன் மெஸ் அண்ணனை மாமான்னு கூட்டிட்டு வந்து எழுதினான். நான் சொல்லிட்டேன், எங்கப்பா எழுத மாட்டாருன்னு. எண்பத்து மூணுலயே எழுதாத ஆளுன்னு." அதைச் சொல்லும்போது பையன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி அவன் பெருமையாக ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லை. சங்கத்து ஆளுங்க வந்தா நான் மாடிக்குப் போறேன் என்கிற பிள்ளை. அந்தப் பெருமை வெயிலில் வந்தவனுக்குக் கிடைத்த மோர் மாதிரி தொண்டையில் இறங்கியது, இறங்கிய பிறகுதான் அது புளித்த மோர் என்று தெரிந்தது. "நோட்டீஸ் சூப்பர்ப்பா, குரூப்ல போட்டிருக்கான்க" என்றான். "அவரும் இருக்காராடா அந்த குரூப்ல?" "யாரு?" "உங்க வாத்தியாரு." செங்கதிர் யோசித்தான். "இருப்பாரு. நோட்ஸ் அனுப்பற குரூப்தான் அது." பேசத் துடிக்கும் நாவைக் கட்டாதே. எவ்வளவு நல்ல வரி. அவரே எழுதியது.

எழுதாமல் போகலாம். வழி திறந்துதான் கிடக்கிறது, இரண்டாவது வாக்கியமே வழி. போராட மாட்டேன் என்று எழுதிக் கேட்கிறது நிர்வாகம், இது அடிமைச் சாசனம், கையெழுத்திட மறுத்த தந்தை, மகன் நீக்கம். வெளியே போய் நாலு சங்கத்துக்குப் போன் போட்டால் சாயங்காலத்துக்குள் வாசலில் கொடி வந்துவிடும். யாருக்கும் அடைக்கலராஜ் ஞாபகத்துக்கு வர மாட்டார், ஏனென்றால் இந்த மாதிரித்தாளிலும் அவர் இல்லை. சிகாமணி மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒழுங்கீனம் இருக்கிறது, வளாகம் இருக்கிறது, நிர்வாகம் இரண்டு இடத்தில் இருக்கிறது, அந்த மனுஷன் எங்கேயும் இல்லை. என்றோ ஒரு வேலைநிறுத்தத்துக்கு அடித்துவைத்த தாள், அதையே எல்லாவற்றுக்கும் நீட்டுகிறார்கள். தன் பையில் இருக்கும் துண்டறிக்கையிலும் அந்த ஆள் இல்லை. இரண்டு கட்சியும் சேர்ந்து அந்த ஆளைக் காணாமல் போக்கியாகிவிட்டது. அலுவலக உதவியாளர் சேர்மக்கனி கோப்பை அணைத்துக்கொண்டு கடந்தபோது, "அந்தப் புள்ளியியல் சார் திரும்ப வருவாரா தாயி" என்று கேட்டார். அவள் நின்று, "எங்கய்யா வருவாரு. திங்கக்கிழமை வேற ஆளுக்கு இன்டர்வியூ வச்சாச்சு. கௌரவத்துக்கு என்ன, ஒரு கையெழுத்துல வருவாங்க, ஒரு கையெழுத்துல போவாங்க" என்றாள். "அவர் நம்பர் இருக்குமா." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "திட்டவா?" "இல்ல தாயி." "ஏற்கெனவே பாவம்யா அது." பிறகு என்ன தோன்றியதோ, கோப்பின் ஓரத்தைக் கிழித்து எழுதிக் கொடுத்தாள்.

சிகாமணி குனிந்து எழுதத் தொடங்கினார். முதல் வாக்கியம் போனது. இரண்டாவதில், கோஷம் என்ற சொல் வந்தபோது எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது, மற்றபடி கை வளைந்தது, எந்தக் கையும் வளையும்போது சத்தம் எதுவும் கேட்பதில்லை. மூன்றாவதை எழுதி, கீழே சி. தெய்வசிகாமணி என்று முழுப்பெயர் போட்டார், இயக்கத்துக்கு வந்த நாளிலிருந்து ஒதுக்கிவைத்திருந்த தெய்வத்தையும் சேர்த்து. மூன்று வாக்கியத்துக்கும் கீழே இடம் இருந்தது, அதில், 'திக்கிப் பேசும் ஆசிரியர் திரு. அடைக்கலராஜ் அவர்களை என் மகன் முன்னின்று கேலி செய்தான், அதற்கு அவரிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தார். கோப்பில் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை என்று தெரிந்தேதான் சேர்த்தார். "போடு" என்று தாளை நீட்டினார். செங்கதிர் தாளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தான். "எழுதிட்டீங்களாப்பா" என்றான். கோபமாக இருந்தால் தாங்கியிருக்கலாம், சின்ன வயதில் பலூன் காற்றுப் போனதும் கேட்பானே, அந்தக் குரல். "போடு." போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து, மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டான். சேர்மக்கனி தாளை உள்ளே கொண்டுபோனாள், இரண்டு நிமிஷத்தில் வந்து, "நாளைலேர்ந்து கிளாசுக்கு வரச் சொல்லிட்டாங்கய்யா" என்றாள். அவ்வளவுதான். பரீட்சை எழுதுவான், பாஸ் செய்வான், பொன்னுத்தாய் சாமிக்கு எதையாவது வாங்கி வைப்பாள். இனி மேடையில் அந்த வெள்ளைத்தாளை விரிக்க முடியாது, மேடையும்தான் எங்கே இருக்கிறது, போன மே தினத்துக்கு இருபத்தேழு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் மைக் செட் ஆட்கள்.

எழுந்து போயிருக்கலாம். அங்கேயே இருந்து, சேர்மக்கனி கொடுத்த கிழிசலைப் பார்த்து எண்ணை அழுத்தினார். ஏழெட்டு முறை மணி போயிற்று. எடுக்க வேண்டாம் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டிருந்தபோது எடுத்துவிட்டார்கள். "ஹலோ" என்றது ஒரு குரல், சுத்தமான, இளமையான, நல்ல குரல். திக்குவாய் என்றதும் குரலே நலிந்திருக்கும் என்று ஏன் நினைத்தோம். "அடைக்கலராஜ் சாரா?" "ஆமா." "நான் செங்கதிரோட அப்பா பேசறேன்." அந்தப் பக்கம் ஒரு பிரஷர் குக்கர் சத்தமும் யாரோ பாத்திரம் வைக்கிற சத்தமும் கேட்டன. "தப்பு நடந்துபோச்சு சார். அவன் பண்ணது மட்டும் இல்ல. நானும்." மேற்கொண்டு சொல்ல வந்தது முழுக்க மேடை வாக்கியமாக வரிசையில் நின்றது, அதில் எதையும் எடுக்கப் பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். குக்கர் இரண்டு விசில் விட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தபோது, "நீங்க எ" என்று வந்தது. அங்கேயே நின்றது. "எ, எ." சிகாமணியின் நாக்கு தானாக எழுந்தது. எதுக்கு. எதுக்கு இப்ப போன் பண்றீங்க என்றுதான் கேட்கிறார். இல்லை, என்ன. என்ன நினைச்சு அந்த நோட்டீசை எழுதினீங்க. எப்படி, எப்படி இந்தப் பிள்ளையை வளர்த்தீங்க. ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் போதும், அந்த மனுஷன் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார், ஆயுள் முழுக்கச் செய்துவந்த வேலைதானே, உதவிதானே. மெதுவாச் சொல்லுங்க சார் என்று சொல்லலாமா என்று பார்த்தார், அதையும் விழுங்கினார். அப்போது மதிய மணி அடித்தது. கதவுகள் திறந்து தாழ்வாரம் முழுக்கப் பிள்ளைகள் கொட்டினார்கள், டிபன் டப்பாக்கள், செருப்புகள், யார் பெயரையோ யாரோ இழுத்துக் கூப்பிடுவது, அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்த முதல்வர் இவர் இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏதோ கேட்டார். சிகாமணி ஒரு விரலால் மறுகாதை அடைத்துக்கொண்டு, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, போனைக் காதோடு அழுத்தினார். "எ" என்றது அந்தக் குரல். அவர் வாயை மூடிக்கொண்டு, அடுத்த எழுத்து வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.